லிஃப்ட்டுக்குள் டீ எங்கிருந்து வந்தது?

என் தங்கை பெற்ற தங்கத்துக்கு, சலவைக்கடையில் இஸ்திரி போடும் உன் தாய்மாமன் வாயால் சொல்லி, வேறொருவர் கையால் எழுதி அனுப்பும் கடிதம்.

ஏ மருமகளே, எப்படி இருக்கிறாய்? உடம்பு சுகமா? சாப்பிட்டுவிட்டுத்தானே இதைப் பிரித்தாய்? சாப்பிடவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டு எழுந்து போ. பசியோடு படித்தால் எந்தக் கடிதமும் திட்டுகிற மாதிரியே இருக்கும். உன் அம்மாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. முன்பு மாடிப்படி ஏறும்போது மட்டும் வலித்தது, இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்கிறது. மற்றபடி கை நன்றாக இருக்கிறது, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எழுதுவது யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் துணி வாங்கும்போது அடையாளச் சீட்டு எழுதிக் குத்துகிற அம்மா. நாங்கள் சீட்டம்மா என்போம். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் எழுதின சீட்டு மாறி, ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதுவாள், ஒரு எழுத்துப் பிசகாது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன். நான் 'போயிட்டேன்' என்று சொன்னால் அவள் 'சென்றுவிட்டேன்' என்று எழுதுகிறாள். நான் எங்கேயும் சென்றதில்லை, போய்த்தான் பழக்கம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காகிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பின புத்தகப் பொட்டலம் வந்தது. பிரித்ததும் அட்டையில் ஒரு வெளுத்த பையன், கடைவாய் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொட்டு. வெற்றிலையா என்று கேட்டேன். இல்லை, ரத்தம் என்றார்கள். என் மருமகள் ரத்தம் குடிக்கிற காட்டேரிப் பையனைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாள் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயமும் நிறையப் பெருமையும். நான் மூன்று நாள்தான் பள்ளிக்கூடம் போனேன். முதல் நாள் வாத்தியார் வரவில்லை. இரண்டாவது நாள் நான் போனேன், அவரும் வந்தார், 'அ' எழுதச் சொன்னார், நான் போட்ட சுழியைப் பார்த்து இது என்ன நத்தையா என்றார். மூன்றாவது நாள் நத்தையையே ஒன்று பிடித்துக்கொண்டு போனேன், இதைவிட நான் போட்டது நன்றாக இருந்தது என்று காட்டுவதற்காக. அத்தோடு சரி. எதற்குச் சொல்ல வந்தேன்? ஆ, புத்தகத்துக்குள் நீ வைத்திருந்த கடிதம். அதைச் சீட்டம்மாதான் வாசித்தாள். போனில் எவனோ ஒருவன் உன் கதையைப் 'பல்லில்லாத பேய்க்கதை' என்று எழுதிவிட்டானாம், அதற்கு நானூறு பேர் கைதட்டினார்களாம், நீ இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். இந்த மாதக் கடைசிக்குள் இரண்டாம் பாகம் உண்டா இல்லையா என்று பதிப்பாளருக்குச் சொல்லவேண்டுமாம். "மாமா, உங்க கடையில நாலு பேர் கேட்டுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னே சொல்லுங்க. நான் இத்தோட பேனாவை மூடி வெச்சுடறேன்" என்று எழுதியிருந்தாய். அன்று முழுவதும் எனக்குச் சட்டைக் கழுத்து மடியவே இல்லை. ஒரு பெண் எழுதுவதும் நிறுத்துவதும் நாலு சலவைக்காரர்கள் வாயில் இருக்கிறது என்றால் சும்மாவா? அதனால் நாங்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை, வேலை மாதிரிக் கேட்டோம்.

எங்கள் கடையில் மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை மெஷின்களுக்கு ஓய்வு. துணி காயவேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் நான் மேஜையில் இஸ்திரி போடுவேன். ஜன்னல் பக்கம் பொத்தானக்கா உட்கார்ந்து அறுந்த பொத்தான் தைப்பாள். தொட்டி ஓரத்தில் கறை இருப்பான். கறை எடுப்பவன், அதனால் அவன் பெயரும் கறை. எந்தக் கறையையும் மோந்து பார்த்தே இது குழம்பா மையா என்று சொல்லிவிடுவான். கோட்டு வாங்க வரும் பல் டாக்டர், கோட்டு தயாராகும் வரை உட்காருகிறேன் என்று முதல் நாள் உட்கார்ந்தவர், பிறகு அழுக்காகாத கோட்டையும் கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார ஆரம்பித்தார். நடுவில் ஸ்டூல் போட்டுச் சீட்டம்மா வாசிப்பாள். அவள் வாசிப்பது ஒரே சீராக இருக்கும், வெள்ளைச் சட்டை இரண்டு, கோடு போட்ட சட்டை ஒன்று என்று ஒப்புவிக்கிற குரல். ரத்தம் பீறிட்டது என்பதையும் அதே குரலில்தான் சொல்வாள். அதனாலேயே எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதல் பத்துப் பக்கத்திலேயே எங்களுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. உன் காட்டேரிக்கு வயது இருநூற்று நாற்பது, அவனைப் பையன் என்கிறாய். அறுபத்து மூன்று வயதான என்னை டாக்டர் பெரியவரே என்கிறார். போகட்டும். அவன் ஒரு உயரமான கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறான், வெயில் படாத வேலையாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான் என்றதும் எல்லாரும் தலையாட்டினோம், புத்திசாலி. ஆனால் அவன் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறான் என்றாய் பார், கறை தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"யாரு தொவைக்கிறாங்க?" என்றான்.

"கதையில அதெல்லாம் சொல்லுவாங்களாப்பா" என்றேன்.

"சொல்லணும்ல? ராத்திரி ஒருத்தரைக் கடிக்கிறான், காலையில வெள்ளைச் சட்டையில நிக்கிறான். ரத்தத்தை வெந்நீர்ல போட்டா அப்படியே பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணியிலதான் அலசணும், அதுவும் காயறதுக்குள்ள. இவன் பறந்து வீடு வர்றதுக்குள்ள காஞ்சுபோயிருக்குமே!"

பொத்தானக்காவுக்கு வேறு கவலை. "கண்ணாடியில தெரியமாட்டானாம், ஆனா நேர் வகிடு எடுத்திருந்தானாம். எப்படிண்ணே? நான் கண்ணாடி பாத்து எடுத்தாலே கோணிக்கிட்டுப் போகுது." டாக்டர் பல்லை விட்டு வெளியே வரவில்லை. மேல்பல் இரண்டு மட்டும் அவ்வளவு நீளமாக இறங்கினால் கீழ் உதடு கிழியும், வாயை மூட முடியாது, பேச்சு குழறும் என்றார். இருநூற்று நாற்பது வருஷத்தில் ஒரு பல்கூட ஆடவில்லையா, அந்த மாதிரி நாலு பேர் ஊரில் இருந்தால் நான் கடையை மூடவேண்டியதுதான் என்று பெருமூச்சு விட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவனைக் கொசு கடிக்குமா? கடித்தால் அதை அவன் என்ன என்று நினைப்பான், தொழில்காரன் என்று விட்டுவிடுவானா? இதை நீ எழுதவே இல்லை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: வீட்டுக்காரர் உள்ளே வா என்று கூப்பிடாமல் அவன் வாசல் தாண்டமாட்டான் என்று எழுதியிருக்கிறாய். நம் சொந்தக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இப்படி நாற்பது பக்கம் ஜோராகப் போனது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் அம்மா, வினை வந்தது. ஆறாவது மாடியில் படம் வரையப் படிக்கிற இருபது வயசுப் பெண் லிஃப்ட்டில் ஏறுகிறாள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கரண்ட் போகிறது. இருட்டு. பெட்டிக்குள் இரண்டே பேர். அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது என்று சீட்டம்மா வாசித்தாள். நான் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டேன். பொத்தானக்கா ஊசியை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். சீட்டம்மா பக்கத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தொண்டையைக் கனைத்தாள், பிறகு வாசித்தாள்: "அங்கே இருவரும் தேநீர் அருந்தினார்கள்."

பொத்தானக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"டீயா?" என்றான் கறை.

"டீதான்."

"லிஃப்ட்டுக்குள்ள டீ எங்கேருந்து வந்துச்சு?"

சீட்டம்மா மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். "ஃபிளாஸ்க் வைத்திருந்தான்" என்று வாசித்தாள்.

"இவன் ரத்தம் மட்டும்தானே குடிப்பான்? அஞ்சாம் பக்கத்துல சோறு தண்ணி எதுவும் இறங்காதுன்னு வந்துச்சே?"

"குறுக்க குறுக்கப் பேசினா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து, மருமகளே, உன் கதையில் ஒரே டீ. பஸ் ஸ்டாப்பில் மழை கொட்டுகிறது, குடை இல்லை, அவன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான், அங்கேயும் இருவரும் தேநீர் அருந்தினார்கள். மழைத்தண்ணீர் டீயில் விழாதா? மொட்டை மாடியில் நிலாவில் நின்றுகொண்டு கண்ணோடு கண் பார்த்து, உலகமே மறைந்துபோய், தேநீர் அருந்தினார்கள். ஓரிடத்தில் நெடுநேரம் தேநீர் அருந்தினார்கள் என்று வந்தது, மூச்சு வாங்கியதாம். கொதிக்கக் கொதிக்கக் குடித்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பக்கத்துக்குப் பக்கம் விரல் மடித்து எண்ணினேன், பதினெட்டு டீ. இருநூற்று நாற்பது வருஷம் பட்டினியாகக் கிடந்தவனுக்கு டீ அவ்வளவு பிடித்துவிட்டதா, இல்லை அந்தப் பெண் போடுகிற டீயில் ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வி எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால் தூக்கம் வராது. சின்ன வயதில் கிணற்றுத் தவளைக்கு மேலே ஒரு உலகம் இருப்பது தெரியுமா என்று பார்க்கக் கிணற்றில் இறங்கி ஏறமுடியாமல் போனவன்தானே நான். உன் அம்மாதான் கயிறு கொண்டுவந்தாள். கொண்டுவந்துவிட்டு அரைமணி நேரம் சிரித்துவிட்டுத்தான் போட்டாள்.

அதனால் நானும் கறையும் ஒரு காரியம் செய்தோம். எங்கள் தெருக்கோடியில் ஆறு மாடிக் கட்டடம் இருக்கிறது, அதில் ஒரு லிஃப்ட்காரர். அவர் யூனிஃபார்ம் எங்கள் கடைக்குத்தான் வரும், அதனால் பழக்கம். ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீயும் இரண்டு தம்ளரும் எடுத்துக்கொண்டு போய் ஏறினோம்.

"எந்த மாடி?" என்றார்.

"மாடி வேணாம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிறுத்துங்க" என்றேன்.

"எதுக்கு?"

"டீ குடிக்கணும்."

அவர் கறையைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ நிறுத்திவிட்டார். நிறுத்தும்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் ஊற்றிக்கொண்டிருந்த டீ முழுக்கக் கறையின் நெஞ்சில். அவன் 'ஐயோ' என்று கத்தினது சூட்டுக்காக இல்லை. "ரத்தக்கறையாவது ஒழுங்கா அலசினா போயிடும்ணே, இந்த டீக்கறைதான் உசுரை வாங்கும்" என்றான். பிறகு லிஃப்ட்காரரிடம் முழுக் கதையையும் சொன்னேன், ஒரு ஆணும் பெண்ணும், இருட்டு, நடுவில் நின்ற லிஃப்ட், டீ. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"முப்பத்தோரு வருசமா இந்தப் பெட்டிக்குள்ள நிக்கிறேன். அழுதிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க, ஒருத்தர் நின்னுக்கிட்டே தூங்கிட்டார். டீ மட்டும் ஒருத்தரும் குடிச்சதில்ல. சின்னஞ்சிறுசுங்க ரெண்டு பேர் இருட்டுல மாட்டிக்கிட்டா டீயா குடிக்கும்?"

"வேற என்னங்க பண்ணும்?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபத்திமூணு."

"நாலாவது மாடி வந்துடுச்சு, எறங்குங்க" என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்து சீட்டம்மாவிடம் இதைச் சொல்லி, அப்படி என்னதான் செய்வார்கள், உனக்காவது தெரியுமா என்று கேட்டேன். மூணு ஜாக்கெட் சீட்டில்லாமல் நிற்கிறது, அதைப் பாருங்கள் என்றாள். இப்போது இதை எழுதும்போதும் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதாம். வேறு பேனா எடுத்து வந்திருக்கிறாள்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் அப்பா வருகிறாரே, அந்த இடம் கடையையே உலுக்கிவிட்டது. மொட்டை மாடியில் இரண்டு பேரும் தேநீர் அருந்துவதை அவர் பார்த்துவிடுகிறார். பார்த்ததும் தம்ளரைத் தட்டிவிட்டார் என்றுகூட இல்லை, பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறையில் போட்டுப் பூட்டி, குடும்ப மானமே போச்சு என்று தலையில் அடித்துக்கொள்கிறார். கறை எழுந்தே விட்டான். அவனுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் பிந்தினாலும் தெருமுனையில் போய் நிற்கிற ஆள் இவன்.

"ஒரு டீ குடிச்சதுக்காய்யா பெத்த பொண்ணைப் பூட்டுவான்? இவனெல்லாம் ஒரு அப்பனா? அந்தக் காட்டேரி எவ்வளவோ தேவலையே!" என்று கத்தினான்.

நாலு நாள் கழித்து அவன் பெண் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டே, "அப்பா, கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர்... சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டார்" என்றாள். முன்பென்றால் தொட்டியே கவிழ்ந்திருக்கும். இவன் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "போயிட்டு வாம்மா, டீதானே? நிதானமா குடிச்சுட்டு வா" என்றான். அந்தப் பெண் நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சீட்டம்மா கையிலிருந்த குண்டூசி டப்பா கீழே விழுந்து, எல்லாரும் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒரு புத்தகம் ஒரு மனுஷனை இப்படி மாற்றுமா? மாற்றியது, நான் பார்த்தேன்.

ஆனால் கடைசிக்கு வருவோம். அங்கேதான் எங்கள் மனசு விட்டுப்போனது. பூட்டை உடைத்துக்கொண்டு அந்தப் பெண் ஓடிவருகிறாள். அவன் மூன்று நாள் ரத்தம் குடிக்காமல் காய்ந்து கிடக்கிறான். என்னையே எடுத்துக்கொள் என்று அவள் கழுத்தைச் சாய்த்துக் காட்டுகிறாள். பல் இறங்குகிறது. ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் ஆசை. அவன் குனிகிறான், குனிகிறான், அவள் கண்ணை மூடுகிறாள். கடையில் தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. சீட்டம்மாவின் குரல் முதன்முறையாக நடுங்கியது. நாங்கள் எல்லாரும், கடிக்கப்போகிறான் அல்லது அழப்போகிறான் என்று பார்த்தால், இருவரும் தேநீர் அருந்தினார்கள்! முற்றும்! பொத்தானக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கி எறிந்தாள்.

"இவன் ஆம்பளையே இல்ல! அந்தப் புள்ளை வீட்டை விட்டு ஓடி வந்து கழுத்தைக் காட்டுது, இவன் டீயை நீட்டுறான். அவ மேல இவனுக்கு ஆசையே கிடையாது. டீக்கடை வைக்க ஆள் தேடியிருக்கான், அவ்வளவுதான்."

மறுநாள் உன் சங்கதியை வைத்து வாக்கெடுப்பு நடத்தினோம். கறை எழுதட்டும் என்றான், இரண்டாம் பாகத்தில் அந்த அப்பனுக்கு யாராவது புத்தி சொல்லவேண்டுமாம். டாக்டர் எழுதட்டும் என்றார், அவனுக்கு ஒரு பல்லையாவது பிடுங்குகிற மாதிரி ஒரு இடம் வேண்டுமாம், தன் கையாலேயே விவரம் எழுதித் தருகிறாராம். பொத்தானக்கா வேண்டவே வேண்டாம் என்றாள். சீட்டம்மாவைக் கேட்டால், நான் வாசிக்கிறவள், எனக்கு வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஹேங்கர் எண்ண ஆரம்பித்துவிட்டாள். மிச்சம் நான். தாய்மாமன் என்பதால் என் வாக்கை இரண்டாகக் கணக்கு வைத்தோம், வைத்தது நான்தான். இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உனக்குக் கொசுவைத் தவிர எல்லாம் தெரிந்திருக்கிறது, மழையை நீ எழுதினால் எங்கள் துணி நனைகிறது. ஆனால் ஆசைப்பட்ட இரண்டு பேர் ஒரு தடவைகூட ஆசையாக ஒன்றும் செய்யவில்லையே? அந்தப் போன்காரன் பல்லில்லை என்று சொன்னது இதைத்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நீ வருத்தப்படாதே, இந்தக் காட்டேரி போனால் இன்னொரு காட்டேரி, உன் கைக்கு என்ன குறை. மனசைத் திடமாக வைத்துக்கொள். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல், இடுப்புக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு, நீ நூறு வயது, வேண்டாம், அந்தப் பையன் மாதிரி இருநூற்று நாற்பது வயது வரை பல் ஆடாமல் இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஆக, நாங்கள் எல்லாரும் கலந்து பேசி எடுத்த முடிவு என்னவென்றால், கண்ணு, நீ அந்த இரண்டாம் பாகத்தை... என்ன? என்ன தீயுது? டாக்டர் கோட்டா? ஐயையோ, பெட்டியைக் கவுத்தியே வெச்சுட்டு வந்துட்டேனே, எடு, எடு, அட நீ எடேன் பொத்தானு

பின்குறிப்பு: மேலே உள்ளவரை உங்கள் மாமா சொல்ல எழுதியது. இனி, சீட்டு எழுதுகிற நானே எழுதுகிறேன். அவர் எழுந்து ஓடிவிட்டார். டாக்டரின் கோட்டு முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை. அவரும் கறையும் பொத்தானக்காவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், முடிய இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் நான் எழுதிவிடவேண்டும்.

அவர் கடைசியாகச் சொல்ல வந்த சொல் 'விட்டுவிடு' என்பது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உங்கள் புத்தகத்தில் டீ கிடையாது என்பது எழுதிய உங்களுக்குத் தெரியும். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர், அவர் பார்த்தால் தொண்டை வரை பார்ப்பார். அந்தச் சொல் வாயில் வரவில்லை. இதோ, இப்போது எழுதவும் கை வரவில்லை, மன்னிக்கவும். டீ என்று ஒரு தடவை சொன்னதற்கு இன்னும் பதினேழு தடவை சொல்லவேண்டியதாகிவிட்டது. ஃபிளாஸ்க்கும் என்னுடையதுதான். கடைசிப் பக்கத்தில் அவன் கழுத்தருகே குனிந்துவிட்டு, கடிக்காமல், அவள் கழுத்திலேயே... அந்த இடத்திலாவது உள்ளதை வாசித்துவிடலாம் என்று முதல் நாளிலிருந்தே நினைத்திருந்தேன். முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டு மாற்றி எழுதாத நான், உங்கள் புத்தகத்தையே மாற்றிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று விழுந்த வாக்கெல்லாம் என் டீக்கு விழுந்தவை, உங்கள் கதைக்கு இல்லை.

கறையின் மகள் விஷயத்தை மட்டும் நான் திருத்தப்போவதில்லை. அவள் இப்போதெல்லாம் வாசலில் என்னைப் பார்த்தால் தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள்.

எனக்கு வாக்கு இல்லை என்று நான் சொன்னது பொய். புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று தடவை படித்தேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தை எத்தனை தடவை என்று சொல்லமாட்டேன். அந்தப் போன்காரர் அந்தப் பக்கம் வரை வந்திருக்கமாட்டார். என் வாக்கு: எழுதுங்கள். உங்கள் மாமா திரும்பி வந்து 'விட்டுவிடு' என்று சொன்னால், அவர் சொல்லச் சொல்ல நான் 'எழுது' என்றுதான் எழுதப்போகிறேன். அவர் சரிபார்க்க முடியாது. நீங்கள் போடும் பதிலையும் நான்தான் வாசிப்பேன், அதனால் எதையும் தயங்காமல் எழுதலாம்.

இரண்டாம் பாகம் வந்தால் அதையும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான்தான் வாசிக்கவேண்டியிருக்கும். ஒரு உதவி செய்யுங்கள். எங்காவது ஓரிடத்தில், பகல் நேரமாக இருக்கட்டும், பக்கத்தில் பெரியவர்களும் இருக்கட்டும், கன்னத்தோடு நின்றுவிடுகிற மாதிரி சின்னதாக ஒன்று வையுங்கள். அதை ஒன்றை மட்டும் உள்ளபடி வாசித்துவிடுகிறேன். மற்றதெல்லாம் நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு எழுதுங்கள், நான் ஃபிளாஸ்க்கோடு தயாராக இருக்கிறேன்.